செங்குட்டுவனின் பிரஷர்

“ஏறிடும். இன்னிக்கும் கண்டிப்பா ஏறிடும்” என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான் செங்குட்டுவன்.

துறைமுகத்து ஆஸ்பத்திரியின் நீள பெஞ்சு. எதிரே பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் சிலுவையம்மாளும் அவருடைய பிரஷர் பார்க்கிற கருவியும்.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் உடம்பைப் பார்ப்பார்கள். இந்த வருஷம் செங்குட்டுவனுக்கு இரண்டு தடவை பார்த்தாயிற்று. இரண்டு தடவையும் நூற்றெழுபதைத் தாண்டிவிட்டது. இன்று மூன்றாவது தடவை, கடைசித் தடவை. இன்றும் ஏறினால் கிரேனிலிருந்து இறக்கி, கேட்டில் லாரி நம்பர் எழுதுகிற வேலையில் உட்கார வைத்துவிடுவார்கள். பதினாறு வருஷமாகப் பத்து மாடி உயரத்தில், கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, எண்ணூர் புகைபோக்கி வரைக்கும் பார்த்துக்கொண்டு கன்டெய்னர் பெட்டி தூக்கியவன் அவன்.

இதில் கூத்து என்னவென்றால், அவனுக்கு நோயே கிடையாது. தண்டையார்பேட்டை மருந்துக் கடையில் பார்த்தால் நூற்றிருபதுதான். டாக்டரே சொல்லிவிட்டார். “உனக்கு வியாதி இல்லப்பா, பயம். ஆனா இங்க ஒரு தடவையாவது சரியா காட்டணும். இல்லேன்னா நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

தோஸ்து பாரி தியான கேசட் ஒன்று கொடுத்திருந்தான். மூச்சைக் கவனி என்றது கேசட். கவனித்தால் மூச்சு முட்டியது. நூறிலிருந்து கீழே எண்ணு என்றது. இவனுக்கு நூற்றெழுபதுதான் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

“அண்ணே, உள்ள ஊசி கீசி போடுவாங்களா?”

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் சுப்புராஜ், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறானாம். நெற்றியெல்லாம் வியர்வை. கையிலிருந்த சீட்டு படபடவென்று ஆடியது.

“ஊசியெல்லாம் இல்லப்பா. கைல பட்டை சுத்தி பிரஷர் பாப்பாங்க, அவ்ளோதான்.”

“அதாண்ணே பேஜாரு. ரெண்டு நாளா சோறு எறங்கல. எயுந்து ஓடிடலாமான்னு கீது.”

“எங்க ஓடுவ? குந்து.”

“பட்டைய இறுக்குறப்போ உசுரே போற மாரி கீதுண்ணே.”

“இறுக்கும், அப்பால விட்டுடும். உன் கைய உன்கிட்டதான் குடுக்கப் போறாங்க. வெச்சுக்கினு இன்னா பண்ணப் போறாங்க?”

சுப்புராஜ் சிரிக்கவில்லை. உதடு துடித்தது. இவனைப் பார்க்கச் செங்குட்டுவனுக்குப் பாவமாகிவிட்டது. எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தான். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டான்.

“செருப்ப கழட்டு. காலை நல்லா தரைல ஊனு. எப்டி கீது?”

“சில்லுன்னு கீது.”

“அத மட்டும் பாரு, வேற எதையும் பாக்காத. வெளிய இன்னா சத்தம் கேக்குது?”

“லாரி ஆரன்.”

“அப்பால?”

“காக்கா. யாரோ தும்முறாங்க.”

“கப்பல் ஊதுது, கேக்கல? நல்லா கேளு.”

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் கப்பல் நிதானமாக ஊதி ஓய்ந்தது.

“செங்குட்டுவன் யாருங்க? உள்ள வாங்க” என்றார் சிலுவையம்மாள்.

“இங்கயே குந்திகினு இரு. வந்துடறேன்” என்று சுப்புராஜின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனான் செங்குட்டுவன். கையை நீட்டினான். கண் மட்டும் திரைப் பக்கமே இருந்தது.

“சிஸ்டர், அடுத்தாப்ல ஒருத்தர் வருவாரு. ரொம்ப பயந்துகினு கீறாரு. பட்டைய கொஞ்சம் மெதுவா இறுக்குங்க.”

“பேசாம இருங்க. நூத்தி இருபத்தாறு.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான். வேற யாரு கையில சுத்தியிருக்கேன்?”

டாக்டர் கையெழுத்துப் போட்டு நீட்டியதை வாங்கிக்கொண்டு, முதல் வேலையாகச் சுப்புராஜிடம் காட்ட ஓடிவந்தான் செங்குட்டுவன். பெஞ்சு காலியாக இருந்தது.

கேட்டுக்கு வெளியே அவன் மனைவி ராஜாத்தி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாய்யா ஆச்சு? எனக்குக் கையெல்லாம் நடுங்குது.”

“இன்னாத்துக்கு நடுங்குற? நான் கீறேன்ல? மேல ஏறச் சொல்லிட்டாங்க.”

ராஜாத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதே விட்டாள். அவனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் மனசு ஓர் ஓரத்தில் உறுத்தியது.

“உள்ள ஒரு ஆளு, சுப்புராஜுன்னு பேரு. பாவம், பயந்துகினு ஓடிட்டான் போல. நாளைக்கு அவனைத் தேடிப் புடிச்சு நானே இட்டுகினு வரணும்.”

“தேட வேணாம். அவரு போன வாரமே பாஸாயிட்டாரு” என்றாள் ராஜாத்தி. “எங்கூட துணிக் கம்பெனில தைக்கிற அன்புக்கரசியோட வூட்டுக்காரரு. நான்தான் வரச் சொன்னேன்.”

“நீயா? எதுக்கு?”

“பக்கத்துல ஒருத்தரு பயந்தாத்தான்யா உனக்கு தைரியம் வரும். கண்ணாலம் ஆன நாள்லேருந்து அந்த வேலைய நான்தான் பாத்துகினு கீறேன். என்னை கேட்டுக்குள்ள வுடமாட்டாங்களே, அதான் இன்னிக்கு ஆள் வெச்சேன்.”