கொளஞ்சியப்பருக்கு ஒரு விண்ணப்பம்

"ஆளத் தூங்க வைக்கிறதுக்கு ஒரு படிப்பு. அதுக்கு இத்தினி தாளா?" என்றாள் பானுமதி, கட்டில் முழுக்கப் பரப்பியிருந்த காகிதங்களைப் பார்த்து.

"தூங்க வைக்கிறது ஒரு ஊசிம்மா. எழுப்புறதுதான் படிப்பு" என்றாள் இளமதி, தலை நிமிராமல்.

அவள் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ்; லீவில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மயக்க மருந்துத் துறையில் நர்ஸுகளுக்கான இரண்டு வருட மேற்படிப்புக்குச் சென்னைக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். 2006ஆம் வருடத்துக்கு மொத்தமே ஆறு இடங்கள். போன வருடம் நானூறு பேர் போட்டியிட்டார்கள். அவளும் போட்டுப் பார்த்துக் கிடைக்கவில்லை.

இந்தத் தடவை சான்றிதழ் நகல்கள், மூன்று டாக்டர்களின் பரிந்துரைக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டு அடுக்கிவிட்டாள். 'இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள்?' என்ற ஒரு பக்கம்தான் பாக்கி. மூன்று நாளாக எழுதுகிறாள், அடிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். எதை எழுதினாலும் பொய் மாதிரியே தெரிந்தது.

"அதுல ஒரு வெள்ளைத்தாள எடு. கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுது. காலையில கோயிலுக்குப் போயி முருகன் வேல்ல கட்டிட்டு வந்துடறேன். தொண்ணூறு நாள்ல தீர்ப்பு சொல்லிடுவாரு."

"நீயே நேர்ல சொல்லிடேம்மா."

"வாயால சொன்னா மறந்துடுவாரு. எழுதிக் குடுத்தாதான் அவருக்கும் பொறுப்பு. பேரு, ஊரு போடு. வூட்லேர்ந்து கோயிலு எத்தினி கிலோமீட்டர்னு போடணும். மூணுன்னு போடு."

இளமதி பேனாவைத் திறந்தாள்.

"ஒன்னுதான் கேக்கணும். ரெண்டு கேட்டா ரெண்டும் கெடைக்காது. சீட்டு வேணும், அவ்ளோதான். நடந்துட்டா போயி ராஜினாமா எழுதிக் கட்டி, பிராதத் திரும்ப வாங்கிக்கணும். அத மட்டும் மறந்துடாத."

சொல்லி முடிப்பதற்குள் பானுமதிக்கு இருமல் வந்துவிட்டது. பதினாறு வருடமாகச் செராமிக் கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்கு உப்புத்தாள் தேய்க்கிறவள். இருமும்போது கழுத்துக் கட்டியும் கூடவே ஏறி இறங்கியது.

"அடுத்த புதன்கெழம ஆபரேஷன். ஞாபகம் இருக்குதா?"

"அது கெடக்குது. ஒனக்குச் சீட்டு வரட்டும், அப்பறம் வச்சிக்கலாம்."

"கட்டி மூச்சுக்கொழாய அமுக்குது. அதுதாம்மா மொதல்ல."

"சரிடி, வரேன். ஆமா, அந்த மயக்க டாக்டரு ஒன்ன மட்டும் உள்ள கூப்ட்டு அரை மணி நேரம் என்னா பேசினாரு?"

"படிப்பப் பத்திதான்."

இளமதி குனிந்து எழுதத் தொடங்கினாள். விண்ணப்பத்தில் மூன்று நாளாகத் தடுமாறிய கை, பிராதில் எங்கேயும் நிற்கவில்லை. நாலே வரி. தாளை நாலாக மடித்து நீட்டினாள்.

"அடிச்சி கிடிச்சி எழுதலியே?"

"இல்லம்மா."

பானுமதிக்குப் படிக்கத் தெரியாது. தாளைக் கண்ணில் ஒற்றி, சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எண்பத்திரண்டாம் நாள் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. லீவில் வந்திருந்த இளமதி வாசலிலேயே பிரித்தாள். பிறகு உறையின் உள்ளே இன்னொரு தாள் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"கெடைக்கலம்மா."

பானுமதி கழுத்தில் தையல் போட்ட தழும்பைத் தடவிக்கொண்டாள்.

"சென்னைக்கு நேர்ல கூப்பிட்டாங்களே, அப்ப என்னா கேட்டாங்க?"

"மயக்க மருந்து குடுக்கப் பயமான்னு கேட்டாங்க. பயந்தான்னு சொன்னேன்."

"அறிவு கெட்டவளே! அப்டியா சொல்லுவாங்க? என்னாடி பயம்? எனக்குக் குடுக்கலியா? கண்ண மூடினேன், தொறந்தேன், தையலே போட்டு முடிச்சிட்டாங்க. மத்தியானம் படுத்து எழுந்தாப்ல இருந்திச்சி. இதுக்குப் போயி ஒரு பயமா?"

இளமதி கடிதத்தை மடித்தாள். இரண்டு மூலைகளும் ஒன்றாகச் சேரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

"கெளம்பு. அவரையே போயி கேட்டுடறேன்" என்றாள் பானுமதி.

டவுன் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் சாமியைத் திட்டிக்கொண்டே வந்தாள். "ஊர்ல இருக்குறவன் பிராதுக்கெல்லாம் தீர்ப்பு சொல்றாரு. மூணு கிலோமீட்டர்ல இருக்குற எனக்குக் காது கேக்கலியாம்."

கோயிலில் பிராதுச் சீட்டு கொடுக்கும் சுப்புராயன் நிமிர்ந்து பார்த்தார். "பிராதா, ராஜினாமாவா?"

"பிராதுதாங்க. போன தடவ கட்டினது ஒன்னும் நடக்கல. இந்தத் தடவ காட்டமா எழுதணும்."

"ராஜினாமாங்க" என்றாள் இளமதி.

"பைத்தியமாடி ஒனக்கு? நடக்காததுக்கு எதுக்குடி ராஜினாமா?"

இளமதி சீட்டை வாங்கி, நின்றபடியே எழுதினாள். பானுமதி அதை வெடுக்கென்று பிடுங்கி சுப்புராயனிடம் நீட்டினாள்.

"இவ என்னா எழுதியிருக்கான்னு சத்தமா படிங்க. நாலு பேரு கேக்கட்டும்."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்:

"நுரையீரல் முழுக்கத் தூசி படிந்திருப்பதால், மயக்கம் கொடுத்தால் எழுவது சந்தேகம் என்று டாக்டர் சொன்ன என் அம்மா பானுமதி, எழுந்துவிட்டார். என் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."