தீர்க்கப்பட்ட கேள்வி

இளவரசு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்ததும் கருகிய நெற்பயிர் கூடத்துத் தரையில் கொத்தாக விழுந்தது.

வேரில் சேறு ஈரமாகவே இருந்தது. தோகை மட்டும் வெளுத்துச் சுருண்டிருந்தது.

“ஒன்றரக் காணி மாமா. மூணே நாளு. ஒரு குத்து தப்பல.”

குமராட்சியிலிருந்து முதல் மினிபஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் வந்திருந்தான். அக்கா கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

மாமா கார்த்திகேசன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்க அரை நிமிடம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு வேலை அதிகம்.

கல்லூரி வேலை இல்லை. அங்கே வேதியியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளர், ஐந்து மணிக்கு மேல் ஒரு குடுவையைத் தொடமாட்டார். இது ‘நாற்றங்கால்’ வேலை. விவசாயிகள் சந்தேகம் கேட்கும் இணைய மன்றம் அது. அதில் அவர் பெயர் ‘மண்ணின் மைந்தன்’. பதவி நெறியாளர். சம்பளம் கிடையாது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு தங்க நெற்கதிர் உண்டு.

மைந்தனுக்குச் சேற்றில் கால் வைத்தால் சேற்றுப்புண் வந்துவிடும். அதனால் வைப்பதில்லை.

மன்றத்தில் ஒரு விதி இருந்தது. பதில் பயன்பட்டால் கேட்டவரே ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சைக் குறி போடவேண்டும். கேட்டவர் ஒரு வாரம் பேசாமல் இருந்தால் நெறியாளர் போடலாம்.

ஒரு வாரமெல்லாம் கார்த்திகேசனுக்குத் தாங்காது. பதிலை எழுதுவார், அந்தச் சூட்டிலேயே குறியையும் போட்டுவிடுவார். குறி விழுந்த கேள்விக்குக் கீழே வேறு யாரும் எழுத முடியாது, கேட்டவர் உட்பட. அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதற்குள் முந்திக்கொண்டு யாராவது, “எந்த ரகம்? எத்தனை நாள் பயிர்?” என்று விசாரித்திருந்தால், அந்த வரியை அழித்துவிட்டு ‘திசைதிருப்பல்’ என்று எழுதிவைப்பார்.

இப்படித் தீர்த்தவை நாலாயிரத்துச் சொச்சம். மன்றத்திலேயே அதிகம் தீர்த்தவர் அவர்தான். தீர்ந்தது கேள்வியா பயிரா என்று அவரும் போய்ப் பார்த்ததில்லை.

“என்னா மாப்ள அடிச்ச?” என்றார்.

“களக்கொல்லியும் பூச்சி மருந்தும் கலந்து ஒரே தெளிப்பா அடிச்சேன். நீங்க சொன்னபடிதான்.”

“நானா?”

“மாமா கலக்கலாம்னுட்டாருன்னு அக்காதான் போன்ல சொன்னுச்சி. லேபுல இருக்கறவரு, மருந்தப் பத்தித் தெரியும்னுதான் ஒங்களக் கேக்கச் சொன்னேன்.” அவன் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. “மறுபடியும் நாத்து வுட நாள் இல்ல மாமா. இந்த வருசமும் வெளையலன்னா குத்தகய வுட்டுடுன்னு நெலத்துக்காரரு சொல்லிட்டாரு. இப்ப என்னா பண்றது?”

கார்த்திகேசன் கைப்பேசியைக் குப்புற வைத்தார். அடுக்களை வாசலில் நின்ற மனைவியிடம் திரும்பினார்.

“ஏன்டி, நான் எப்ப சொன்னேன்? ஒரு வார்த்த சொன்னேனா? வாய்க்கு வந்தத நீ அடிச்சி வுட்டுட்டு எம்பேர இழுக்குறியா?”

சௌந்தரம் ஈரக் கையோடு அங்கேயே நின்றாள்.

அது அவருக்கு இன்னும் தெம்பு கொடுத்தது. “எந்த மருந்து, எந்தக் கம்பெனி, எவ்ளோ அளவு, பயிருக்கு எத்தன நாளு, இவ்ளோ இருக்குது கேக்குறதுக்கு. ஒன்னுமே கேக்காம கலக்கலாம்னு எவனாச்சும் சொல்லுவானா? சொன்னா அவன் முட்டாப்பய.”

இளவரசு அக்காவைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவளை அவன் அப்படிப் பார்த்ததில்லை.

“மாமா சொல்லவே இல்லியாக்கா?”

சௌந்தரம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தன் கைப்பேசியோடு வந்தாள். அதைக் கணவனிடம் நீட்டவில்லை, தம்பியிடம் கொடுத்தாள்.

“படி.”

அவன் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான்.

“‘கேள்வி. ஐயா, நெல்லுக்குக் களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் ஒன்றாகக் கலந்து அடிக்கலாமா? என் தம்பியின் வயல்.’ அதுக்குக் கீழ, ‘பதில். தாராளமாகக் கலக்கலாம். ஒரே தெளிப்பில் இரண்டு வேலையும் முடியும். வாழ்க விவசாயம்!’ தீர்க்கப்பட்டதுன்னு பச்சையா போட்டிருக்குது.” நிமிர்ந்தான். “யாருக்கா இந்த மண்ணின் மைந்தன்?”



கார்த்திகேசன் தரையில் கிடந்த பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அங்கே விழுந்ததிலிருந்து இப்போதுதான் அதைப் பார்க்கிறார்.

“மூணு நாளு ஒங்க மொகத்தப் பாத்துக் கேட்டேன்,” என்றாள் சௌந்தரம். குரல் உயரவே இல்லை. “‘ம்’முன்னிங்க. பாக்கலாம்னிங்க. போன வுட்டுக் கண்ண எடுக்கல. அதான் போன்லயே கேட்டேன். ரெண்டு நிமிசத்துல சொல்லிட்டிங்க.”

“நீன்னு தெரியாதேடி…”

“எந்தெந்த மருந்துன்னு கீழ எழுதலாம்னு பாத்தேன். எழுதவே வுடல. செரி, அவுரு சொன்னா செரியாத்தான் இருக்கும்னு தம்பிகிட்ட சொல்லிட்டேன்.”

அவள் குனிந்து கருகிய பயிரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

“அந்தப் பச்சையப் போட்டுட்டுச் சிரிச்சிங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.”