தலைதட்டி ஒரு ஸ்பூன்

ஈஸ்ட்டை ஸ்பூனில் அள்ளி, கத்தியின் முதுகால் தலைதட்டினாள் அமிர்தம். களத்தில் நெல் அளக்கிற மரக்காலைத் தலைதட்டுவது போலத்தான்.

முதல் தடவை கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஈஸ்ட்டைக் கொன்றிருந்தாள். ரொட்டி செங்கல்லாக வந்தது.

அடுத்த தடவை அந்த ஆத்திரத்தில் மூன்று ஸ்பூன் போட்டாள். மாவு பாத்திரத்தை மீறி அடுப்பு மேடையில் வழிந்தது. வீடெல்லாம் கள் வாடை.

இன்று மூன்றாவது தடவை. பாக்கெட்டில் மிச்சம் இருந்ததே இந்த ஒரு ஸ்பூன்தான். சுற்று வட்டாரக் கடைகளில் கேட்டால் விழிப்பார்கள். மகள் ஷோபனா தஞ்சாவூரிலிருந்து வாங்கி வந்தது.

சாயங்காலம் கும்பகோணத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்.

தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள். பச்சைக் குழந்தைக்கு ஊற்றுகிற சூடு. சர்க்கரையைக் கரைத்து, ஈஸ்ட்டைத் தூவி, தட்டு போட்டு மூடினாள்.

அப்போதுதான் கொழுந்தன் நடராசன் வந்தார். நடவு வயலிலிருந்து நேரே வந்திருந்தார். முழங்கால் வரை சேறு.

"சம்பந்தம் பேச வர்றவங்களுக்கு, காய்ச்சக்காரன் திங்கிறதையா அண்ணி குடுப்பீங்க?"

அமிர்தம் சல்லடையை எடுத்தாள். மாவைச் சலித்தாள்.

ரொட்டியைப் பேச அவர் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இது ஷோபனா தானே தேடிப் பிடித்த சம்பந்தம். சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வாரமாகத் தெருவில் இதே பேச்சு.

"ஊரு சிரிக்குது. எங்க அண்ணன் இருந்தா இதுக்கு ஒத்துக்குவாரா?"

"உங்க அண்ணன் இருந்தா இதுக்குத் தேவையே வந்திருக்காது தம்பி."

நடராசனுக்கு முகம் சிவந்தது. கூடத்தில் போய் நாற்காலியில் சாய்ந்தார். வருகிறவர்களை நாலு கேள்வி கேட்காமல் போவதில்லை என்று சத்தமாகவே சொன்னார்.

அமிர்தம் தட்டைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் அப்படியே கிடந்தது.

ரவையை எடுத்து ஒரு கேசரி கிளறிவிட எவ்வளவு நேரம் ஆகும்? கை தானாக ரவை டப்பாவுக்குப் போனது.

திரும்பவும் இழுத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அடுத்தவர் கேட்டதைத்தான் சமைத்திருக்கிறாள். மாமனாருக்குக் காரமில்லாமல், புருஷனுக்குக் காரமாக, நடராசனுக்கு இரண்டாம் தடவையும் சூடாக. யாரும் கேட்காமல் அவளாக ஆசைப்பட்டது இந்த ரொட்டி ஒன்றுதான். வராவிட்டால் வெறும் காபியைக் கொடுக்கலாம். கேசரி கிடையாது.

மறுபடி திறந்தபோது நுரை பொங்கியிருந்தது.

சிரிப்பு வந்தது. கூடத்துக்குக் கேட்கட்டும் என்று சிரித்தாள்.

மாவில் ஊற்றிப் பிசைந்தாள். கையில் ஒட்டியது. ஒட்ட ஒட்டப் பிசைந்தாள். ஈரத்துணி போட்டு மூடியது இரண்டு மடங்காக எழும்பி நின்றது. ஷோபனா ரொட்டி சுடுகிற மின் அடுப்பைச் சூடாக்கி வைத்திருந்தாள். ரொட்டி வேகிற வாசனை கூடத்துக்குப் போனதும் நடராசனின் முணுமுணுப்பு நின்றது.

வெளியே கார் வந்து நின்றது.

தலை நரைத்த ஒருவர் இறங்கினார். கூடவே அவருடைய அக்கா. ஷோபனா வாசலுக்குப் போய் அழைத்து வந்து உட்கார வைத்தாள். நடராசன் எழுந்திருக்கவில்லை. "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

தண்ணீர் குடித்துவிட்டு அந்த அக்கா ஷோபனாவின் கையைப் பிடித்தார்.

"பொண்ணைக் கூப்புடும்மா. தம்பி நேத்துலேருந்து சரியாச் சாப்புடல."

ஷோபனா அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, வாம்மா. உன்னைத்தான் கேக்குறாங்க."

அமிர்தம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கூடத்துக்கு வந்தாள். ஓரமாக நிற்கவில்லை, தலையைக் குனியவில்லை. நடராசனுக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து, வந்தவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.