ஒரேகான் மைல்கள்

எங்கள் வீட்டுக்கு எதிரே கென்னி ஸ்ட்ரவுட்டின் லாரி ஷெட். ஐடஹோ, யூட்டா, நெவாடா என்று ஓடும் லாரிகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்த மாநிலத்தில் எத்தனை மைல் என்று ஒரு படிவத்தில் எழுதி டீசல் வரி கட்ட வேண்டும். ஒரேகான் மைல்களுக்கு மட்டும் அந்தப் படிவத்தில் வரி இல்லை. ஆகவே தன் லாரிகள் எட்டிக்கூடப் பார்க்காத, கடலோரத்து ஒரேகானுக்குக் கொஞ்சம் மைல்களைத் தள்ளிவிடுவான் கென்னி. வேலியோரம் நின்றால் எல்லாம் காதில் விழுகிறது, நான் என்ன செய்ய?

ஜனவரியில், வேட் என்கிற டிரைவரின் லாரிக்கு ஒரேகான் கணக்கில் நானூறு மைல் எழுதினான். மறுநாள், பூட்டிய ஷெட்டுக்குள் நின்ற அந்த லாரியின் சக்கரமெல்லாம் அழுகிய மீன் கொழகொழப்பு. மீட்டரில் நானூறு மைல் ஏறியிருந்தது.

ஏப்ரலில் வேட் கெஞ்சினான். "மொதலாளி, ஜனவரில நீங்க எழுதின அன்னிக்குப் பூரா நான் கட்டில்லதான் கெடந்தேன். எந்திரிச்சா வாயெல்லாம் உப்பு. இந்தத் தடவ எழுதாதீங்க."

"மீனத் தின்னுட்டு வாய் கழுவாம படுத்தா அப்படித்தான்டா," என்று சொல்லிக் கென்னி தொள்ளாயிரம் எழுதினான்.

மறுநாள் காலை நானும் எட்டிப் பார்த்தேன். லாரிக் கதவைத் திறந்ததும் அடித்த நாற்றத்தில் கென்னியின் மனைவி லோர்னா வாந்தியெடுத்தாள். டிரைவர் சீட்டில் பெல்ட் மாட்டியபடி இருந்தது. பெல்ட்டுக்குள் வேட்டின் சட்டை, பொத்தான்கூடக் கழற்றாமல், உள்ளே கொழகொழவென்று சேறு.

"வேட் எங்க, கென்னி?" என்று கேட்டாள் லோர்னா.

கென்னி மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தச் சட்டைக்கு மேலாகக் குனிந்து மீட்டரைப் பார்த்தான்.

"தொள்ளாயிரம். சரியா இருக்கு," என்றான்.