ஐந்தாவது பிளாக்

"அஞ்சையும் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டேன். நாலு மணிக்கு வண்டி வந்துடும்."

மனைவி சொன்னதைக் கேட்டதும் மெக்கானிக் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"அஞ்சையுமா?"

"பின்ன? மக ஆசையா வாங்கின கார் வெயில்ல காயுது. உங்க இரும்பு நிழல்ல சுகமாத் தூங்குது. இது எந்த ஊர் நியாயம்ங்க?"

நியாயம் அவர் பக்கம் இல்லைதான். கார் ஷெட்டின் பாதியை ஐந்து எஞ்சின் பிளாக்குகள் அடைத்துக்கொண்டிருந்தன. பிஸ்டன், கிராங்க் எல்லாம் கழற்றியபின் மிஞ்சும் வெறும் இரும்புக் கூடுகள். தரையின் ஈரம் ஏறாமலிருக்க அடியில் மரக்கட்டை, சிலிண்டர் துளைகளில் கெட்டி எண்ணெய், மேலே பிளாஸ்டிக் உறை, அதற்கும் மேலே வீட்டுப் படுக்கை விரிப்புகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் பிரித்து, துடைத்து, எண்ணெய் பூசி மறுபடி கட்டி வைப்பார். கட்டின பெண்டாட்டிக்கு ஒருநாள்கூடத் தலைவலித் தைலம் தேய்த்துவிட்டதில்லை என்பது அந்த வீட்டின் நிரந்தரப் புகார்.

மனைவியும் லேசுப்பட்டவள் இல்லை. வார்ப்பட ஆலையில், வார்த்து வரும் இரும்பில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. முப்பது வருடம் பார்த்துவிட்டு, போன மாதம்தான் ஓய்வு பெற்றாள். பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. கடையில் ஒரு கோப்பை வாங்கினாலும் விரலால் சுண்டி, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். வீட்டில் சும்மா இருக்கும் அந்தக் கண் இப்போது ஷெட்டின் மேல் விழுந்திருந்தது.

"நாலைக் கொடுத்துடலாம். மூலையில இருக்கறதை மட்டும் விட்டுடேன்" என்றார் மெக்கானிக்.

"அதுல மட்டும் என்ன விசேஷம்? அதுவும் இரும்புதானே?"

"அந்த மாடல் இப்ப வர்றதில்ல. யாராவது தேடிக்கிட்டு வருவாங்க."

"இருபத்தாறு வருஷமா வராத ஆளு, நாலு மணிக்குள்ள வந்துடப் போறாராக்கும்!"

அவர் மூலையிலிருந்த பிளாக்கைத் திரும்பிப் பார்த்தார். ஒருவகையில் இதுவும் நல்லதுதான். அந்த ஐந்தாவது பிளாக் போய்விட்டால் அவர் செய்த காரியத்துக்குச் சாட்சியே இருக்காது. நிம்மதியாகக் காலை நீட்டித் தூங்கலாம். ஆனால் அதைக் கொடுக்க மனசு வரவில்லை. கொடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் மானம் போகும். மனைவி எதை வேண்டுமானாலும் மன்னிப்பாள், பொய்யை மன்னிக்க மாட்டாள்.

நாலு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் பழைய இரும்புக்காரர் வந்தார். தள்ளுவண்டியில் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போனார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது வாசலைத் தாண்டியதும் மெக்கானிக் விறுவிறுவென்று மூலைக்குப் போய் ஐந்தாவது பிளாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க இது, சின்னப் பிள்ளையாட்டம்? எழுந்திருங்க."

"எழுந்திருக்க மாட்டேன். இது உங்கப்பா காரோட பிளாக்."

மனைவி ஓரடி கிட்டே வந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னால, அந்தக் காரை ரிப்பேருக்கு விட நீ என் பட்டறைக்கு வந்த முதல் சனிக்கிழமை, பிளாக்ல விரிசல்னு காட்டினேன்ல? அது விரிசல் இல்ல. வார்க்கும்போதே விழுந்த கோடு. அழுக்கோட பார்த்ததுல ஏமாந்துட்டேன். திங்கட்கிழமை கழுவினப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சதும் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா ரெண்டே நாள்ல வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிருப்பே. அப்புறம் உன்னை நான் எங்க போய்ப் பார்க்கறது?" அவர் குரல் இறங்கியது. "வேற பிளாக் தேடறேன், தேடறேன்னு மூணு மாசம் இழுத்தேன். நீ வாராவாரம் வந்து வண்டி ரெடியான்னு கேட்டுட்டு நிப்பே. எனக்கு அந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த ஆறு நாளும் ஓடும். கடைசியில என் செலவுலயே வேற பிளாக் போட்டுக் கொடுத்தேன். உங்கப்பாவை ஏமாத்தல. உன்னைத்தான் ஏமாத்திட்டேன். திட்டறதுன்னா திட்டிக்கோ. ஆனா இந்த இரும்பு இல்லேன்னா எனக்கு நீ இல்ல. இதை எப்படிம்மா எடைக்குப் போடறது?"

சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். இருபத்தாறு வருடத்துச் சுமை இறங்கியும், பயம் மட்டும் இறங்கவில்லை.

வாசலிலிருந்து பழைய இரும்புக்காரரின் குரல் கேட்டது. "அம்மா, நாலையும் ஏத்தியாச்சு. போன்ல நாலுன்னுதானே சொன்னீங்க? கிளம்பட்டுங்களா?"

"கிளம்புங்க" என்றாள் அவள்.

மெக்கானிக் திகைத்துப்போய் எழுந்து நின்றார். மனைவி பிளாக்கின் மேலிருந்த விரிப்பையும் உறையையும் விலக்கினாள். தரையில் கிடந்த ஸ்பானரை எடுத்து விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். கணீரென்ற சத்தம் ஷெட்டைச் சுற்றி வந்தது.

"அந்த முதல் சனிக்கிழமை நீங்க டார்ச் எடுக்க உள்ள போனீங்களே, அப்பவே இப்படித் தட்டிப் பார்த்துட்டேன்" என்றாள். "விரிசல் விட்ட இரும்பு இப்படிப் பேசாது. சொன்னா அடுத்த சனிக்கிழமை வர முடியாதேன்னுதான் நானும் வாயைத் திறக்கல."