ஆறு பத்துக்குப் பச்சை

“உங்க அம்மாவையே காட்டிடுங்களேன். இதைவிடப் பெரிய சாட்சி வேற என்ன வேணும்?” என்றார் மேலாளர்.

அவன் யோசித்தான். திங்கட்கிழமை ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அவன் எழுதிய செயலி ஊர் ஊராகப் போகும். பிடிக்காவிட்டால் அவனையும் அவன் குழுவில் இருந்த நாலு பேரையும் பிரித்து, பழைய வேலைக்கே அனுப்பிவிடுவார்களாம்.

பழைய வேலை என்றால், கடைக்காரர்களுக்காக நச்சரிப்பது. யாரோ ஒருவர் செருப்பு வாங்கலாம் என்று நினைத்துப் பாதியில் விட்டிருப்பார். “வாங்குங்கள், வாங்குங்கள்” என்று அவரைத் துரத்தும் நிரலை இவன் எழுத வேண்டும். எட்டு வருஷம் எழுதினான். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. இதற்கா இத்தனை படித்தோம் என்றிருக்கும்.

இந்தச் செயலி அப்படியில்லை. தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு சின்னப் பொத்தான். காலையில் எழுந்ததும் ஒரு தடவை அழுத்தினால், பிள்ளையின் செல்பேசியில் பச்சை விளக்கு எரியும். ஏழு மணி வரை அழுத்தாவிட்டால் சிவப்பு. பிள்ளை போட்டது போட்டபடி ஓட வேண்டியதுதான்.

முதல் பொத்தானைத் தன் அம்மா வீட்டில்தான் மாட்டினான். ஏழு மாதமாகிறது. தினமும் காலை ஆறு பத்துக்கு டாண் என்று பச்சை வந்துவிடும். அதை அலுவலகத்தில் ஒவ்வொரு மேஜையாகப் போய்க் காட்டுவான். அவனுக்குப் பச்சைவிளக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அம்மா தானாகக் கூப்பிடுகிறவள் இல்லை. பிள்ளை வேலையில் இருப்பான், தொந்தரவு பண்ணக் கூடாது என்பாள். அவனும், பச்சையைப் பார்த்த பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

மனைவிதான் அன்றைக்குக் கேட்டாள், அம்மாவோடு பேசி எத்தனை நாளாகிறது என்று.

“தினம் பேசறோமே. அவங்க அழுத்தறாங்க, நான் பாக்கறேன். இதுல வார்த்தை எதுக்கு?”

“அப்ப எனக்கும் ஒண்ணு மாட்டிக் குடுங்க. உங்க மூஞ்சியைப் பாக்காம நானும் நிம்மதியா இருப்பேன்.”

அவள் சொன்னதை அவன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா எழுந்து, நடந்துபோய், பொத்தானை அழுத்துவதைப் படம் பிடிக்க வேண்டும். அதைப் பார்த்தால் மருத்துவமனைக்காரர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்தான். நகரத்தின் அந்தக் கோடிக்கு ஒரு மணி நேரம். இரண்டு மாடி ஏறிப்போய் மணியை அடித்தான்.

அம்மா கதவைத் திறந்தாள். ஆச்சரியப்படவில்லை. வெகுநாள் காத்திருந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“வந்துட்டியா,” என்றாள். “பயந்துட்டியோ?”

“பயம் என்னம்மா பயம். நீதான் நல்லா இருக்கியே.”

அம்மா திரும்பி உள்ளே போனாள். நடையில் ஒரு சாய்வு தெரிந்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டான். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகவும், மத்தியானம்வரை எழுந்திருக்க முடியவில்லை என்றும் சொன்னாள்.

“ஒரு வார்த்தை சொல்லலையேம்மா.”

“சொல்லித்தான் தெரியணுமா உனக்கு?”

அவனுக்கு என்னவோபோல் இருந்தது. மருத்துவரிடம் அழைத்துப்போகிறேன், திங்கட்கிழமை முடியட்டும் என்றான். பிறகு, வந்த விஷயத்தைச் சொன்னான். மருத்துவமனைக்காரர்கள், படம், தினமும் செய்வதைப் போலவே இன்றைக்கும் ஒரு தடவை.

அம்மாவின் முகம் மெல்ல இறங்கியது.

“அதுக்காகவா வந்தே?”

“அதுக்கும்தான்மா.”

அவள் சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்குத் தட்டை எடுத்துவந்து நாற்காலியில் உட்கார்ந்து தோல் சீவ ஆரம்பித்தாள். கோபம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று அவன் நினைத்தான். அதற்குள் வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் செல்பேசியை அவள் பக்கம் திருப்பினான். திரைக்குள் அம்மா, இரண்டு கையிலும் வேலை. அவளுக்குப் பின்னால் நாலடி தள்ளிச் சுவரில் பொத்தான்.

மணி ஆறு பத்து. திரையின் உச்சியில் பச்சை விளக்கு எரிந்தது: அம்மா நலம்.

அவன் சுவரைப் பார்த்தான். அம்மாவின் கைகளைப் பார்த்தான். அப்போதுதான் நினைவு வந்தது. செயலியைச் சோதித்துப் பார்க்க, யாரும் அழுத்தாமலே தினமும் ஆறு பத்துக்குப் பச்சை வரும்படி அம்மாவின் எண்ணுக்கு மட்டும் நிரலில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தான். வேலை முடிந்ததும் அதை அழிக்க மறந்திருந்தான்.

“அம்மா,” என்றான். “இன்னிக்கு நீ இன்னும் அழுத்தலையா?”

அம்மா கத்தியைத் தட்டில் வைத்தாள்.

“அழுத்தலைன்னா ஓடி வந்துடுவேன்னு சொன்னியே,” என்றாள். “நீ மாட்டிட்டுப் போன மறுநாள்லேர்ந்து நான் அதைத் தொடவே இல்லை.”