மாறாதவை

நாள்வாரி அளவுகளைக் கோடாக வரைந்து காட்டும் திறமூல வரைபட மென்பொருளின் புதிய பதிப்பு மதியம் வெளியாக வேண்டும். அதில் என்னென்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பைச் செவ்வந்தி எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி மாற்றம் அவள் செய்தது. தகவல் இல்லாத நாட்களில் கோடு இனி அறுந்து நிற்காது, இரு முனைகளும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ஆறு வாரம் மெனக்கெட்டிருந்தாள்.

முன்னோட்டப் பதிப்பைப் போட்டுப் பார்த்த கொளஞ்சி என்பவர் தன் ஊர் மழை வரைபடத்தை அனுப்பியிருந்தார். மழைமானியைப் பார்த்துக்கொள்கிறவராம்.

“மேடம், அந்த மூணு நாளு வெள்ளம் மழைமானியவே அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சி. அதான் அளவு இல்ல. இப்ப கோடு சேந்துக்கிட்டு, வெறும் தூறல்தான்னு காட்டுது” என்று எழுதியிருந்தார்.

செவ்வந்தி அந்த மாற்றத்தை எடுத்துவிட்டாள்.

“ஆறு வார வேலையாச்சேடி” என்றாள் பக்கத்து மேசை பெனாசிர்.

“இருக்கட்டும். பேஞ்ச மழைய இல்லைன்னு எப்படிடி வரையிறது?”

மாற்றங்களை மட்டுமே சொல்லும் அந்தக் குறிப்பின் அடியில் ‘மாறாதவை’ என்று புதுத் தலைப்பு போட்டு, கோடு அறுந்தே இருக்கும் என்று எழுதினாள். ஒரு வரி நிரல்கூட எழுதாத கொளஞ்சியின் பெயரைப் பங்களித்தவர்கள் பட்டியலில் சேர்த்தாள். பிறகு அவர் அனுப்பிய மழை வரைபடத்தை மென்பொருளில் மறுபடி வரையவிட்டாள். கோடு பழையபடி அறுந்தது. அந்த இடைவெளியில் இனி எவ்வளவு மழை வேண்டுமானாலும் பெய்யலாம்.